பஸிலில் வருவதெல்லாம் டேக்டிக்ஸா?

(எபிசோடில் பேசியதைப் படிப்பதற்கு வசதியாகத் தொகுத்துக் கொடுத்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு செஸ் போர்டு இருந்தால், காய்களை வைத்துப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.)

இன்னைக்கு எடுத்துக்கிற விஷயம் ரொம்ப சின்னதா தெரியும். ஆனா செஸ் கத்துக்கிற பிள்ளைகள் வீட்டுல அடிக்கடி வர்ற கேள்வி இது. பையன் தினமும் ஆப்ல அம்பது பஸில் போடறான். ஒரு பஸில்ல பதில் என்னன்னா, சப்போர்ட் இல்லாம நிக்கிற குதிரையை வெட்டணும், அவ்வளவுதான். அடுத்த பஸில்ல ராணியையே தியாகம் பண்ணணும். அதுக்கு அடுத்ததுல ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினா போதும், முடிவு வெறும் டிரா. இந்த மூணுக்கும் மேல ஒரே தலைப்பு: டேக்டிக்ஸ். இது மூணும் ஒண்ணா?

பேர்ல என்ன இருக்குன்னு விட்டுடலாம்தான். ஆனா ஒரு பிளேயர் எதை டேக்டிக்னு நினைக்கிறாரோ, அதைத்தான் போர்டில் தேடுவார். ‘அதிரடியாக ஒரு காயைக் கொடுப்பதுதான் டேக்டிக்’ என்று மனசில் பதிந்துவிட்டால், டோர்னமென்ட்டில் தேவையில்லாத இடத்தில் காயைக் கொடுத்துத் தோற்பார். ‘காய் லாபம் வந்தால்தான் டேக்டிக்’ என்று பதிந்துவிட்டால், ஜெயிக்கக்கூடிய எண்ட்கேமைக் கண்ணெதிரே விட்டுவிடுவார். அதனால் இன்றைக்கு இந்தச் சொல்லுக்கு ஒரு எல்லை போட்டுப் பார்க்கலாம்.

மூன்று கேள்விகள்

ஒரு நகர்வு டேக்டிக்கா இல்லையா என்று பார்க்க, நான் மூன்று கேள்விகள் வைத்துக்கொள்வேன்.

முதல் கேள்வி: இந்த நகர்வுக்குப் பிறகு எதிராளிக்கு இருக்கும் வழிகள் சுருங்குதா? செக் கொடுத்தால் அவர் செக்கைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். காயை வெட்டினால் திருப்பி வெட்டணுமா என்று யோசிக்க வேண்டும். ராணியை மிரட்டினால் ராணியைப் பார்த்தாக வேண்டும். இப்படி அவருடைய சுதந்திரம் குறைவதால்தான் நம்மால் நான்கைந்து நகர்வு முன்னால் பார்க்க முடிகிறது.

இரண்டாவது: அவர் எந்தப் பதில் ஆடினாலும் நமக்கு லாபம் உண்டா? இங்கே ‘எந்தப் பதில்’ என்பதுதான் உயிர். அவர் தப்பாக ஆடினால் மட்டும் லாபம் என்றால் அதற்குப் பேர் வேறு. அதற்குக் கொஞ்ச நேரத்தில் வர்றேன்.

மூன்றாவது: அந்த லாபத்தை இப்போதே எண்ணிச் சொல்ல முடியுமா? மேட், ஒரு காய், ஒரு சிப்பாய், ஜெயிக்கும் எண்ட்கேம், தோற்கும் ஆட்டத்தில் டிரா, இதில் ஏதோ ஒன்றாக அது இருக்க வேண்டும். ‘என் குதிரை நல்ல கட்டத்துக்கு வந்துடுச்சு, பின்னாடி பலன் தரும்’ என்பது நல்ல ஆட்டம்தான். ஆனால் அது ஸ்ட்ராட்டஜி. அங்கே கணக்கு முடியவில்லை, நம்பிக்கை இருக்கிறது.

மூன்றுக்கும் ஆமாம் என்றால் டேக்டிக். இதற்குள் இருக்கும் இயந்திரம் என்னவென்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: ஒரு நகர்வு, இரண்டு மிரட்டல். எதிராளியால் ஒரு முறைக்கு ஒரு நகர்வுதான் ஆட முடியும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போகும். சோவியத் கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக், டேக்டிக்ஸ் மொத்தத்தையும் இந்த இரட்டைத் தாக்குதலிலிருந்தே விளக்க முடியும் என்று புத்தகமே எழுதினார். குதிரை ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் தாக்கும் ஃபோர்க் இதன் எளிய வடிவம். பின், ஸ்கியூவர், டிஸ்கவர்ட் செக் என்று நாம் தனித்தனியாகப் படிக்கிறவையும் இதே குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

ஒரே நகர்வு, இரண்டு முடிவு

இதை ஒரு பழைய உதாரணத்தில் பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் லெகால் என்றொரு ஆட்டக்காரர் இருந்தார். ஃபிலிடோருக்கு ஆசிரியர். அவர் பேரில் ஒரு மேட் இருக்கு. போர்டை எடுத்துக்குங்க.

வெள்ளை சிப்பாய் ஈ4, கறுப்பு சிப்பாய் ஈ5. வெள்ளை குதிரை எஃப்3, கறுப்பு சிப்பாய் டி6. வெள்ளை பிஷப் சி4, கறுப்பு பிஷப் ஜி4. கறுப்பு பிஷப் இப்போது எஃப்3 குதிரையைப் பின் செய்கிறது, ஏனென்றால் பின்னால் டி1ல் ராணி. வெள்ளை இன்னொரு குதிரையை சி3க்குக் கொண்டுவருகிறார். கறுப்பு ஒரு சோம்பேறி நகர்வு ஆடுகிறார்: சிப்பாய் ஜி6.

இப்போ வெள்ளை, பின் செய்யப்பட்ட அந்தக் குதிரையை எடுத்து ஈ5 சிப்பாயை வெட்டுகிறார். ராணியை அப்படியே விட்டுவிட்டார்! கறுப்பு ஆசைப்பட்டு ராணியை வெட்டினால், பிஷப் எஃப்7ல் வெட்டி செக். ராஜாவுக்கு ஈ7 ஒன்றுதான் இடம். அடுத்து சி3 குதிரை டி5க்குப் பாய்ந்தால் மேட். ராணி இல்லாமலேயே, ஒரு பிஷப்பும் இரண்டு குதிரையும் சேர்ந்து மேட்.

பிள்ளைகள் இதைப் பார்த்ததும் துள்ளுவார்கள். ஆனால் நாம் கேட்க வேண்டியது இரண்டாவது கேள்வி. கறுப்பு ராணியை வெட்டவில்லை என்றால்? டி6 சிப்பாயால் ஈ5 குதிரையை வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போ வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை வெட்டும். குதிரை போனது, பிஷப் வந்தது, கூடவே ஒரு சிப்பாய் லாபம். ஆக கறுப்பு ஆசைப்பட்டாலும் நஷ்டம், நிதானமாக ஆடினாலும் நஷ்டம். இது டேக்டிக்.

இப்போ ஒரே ஒரு மாற்றம். கறுப்பு ஜி6 ஆடாமல், தன் குதிரையை சி6க்குக் கொண்டுவந்திருக்கிறார். மற்ற காயெல்லாம் அதே இடத்தில். வெள்ளை அதே உற்சாகத்தில் ஈ5ல் வெட்டுகிறார். கறுப்பு ராணியை வெட்டினால் அதே மேட் இப்போதும் இருக்கிறது. ஆனால் கறுப்பு சி6 குதிரையால் ஈ5ல் வெட்டிவிட்டால்? ஈ5ல் வந்து உட்கார்ந்த அந்தக் குதிரை ஜி4 பிஷப்புக்கு சப்போர்ட், சி4 பிஷப்புக்கு மிரட்டல். வெள்ளை ராணியால் ஜி4ல் வெட்ட முடியாது. ஒரு குதிரை போய், பதிலுக்கு ஒரு சிப்பாய்தான் கையில்.

நகர்வு ஒன்றுதான், மேட்டும் ஒன்றுதான். முதல் நிலையில் அது டேக்டிக். இரண்டாவதில் அது வலை விரித்துவிட்டு, எதிராளி விழுவார் என்று காத்திருப்பது. இதுக்குப் பேர் டிராப். கிளப்பில் நண்பரிடம் டிராப் போடலாம். டோர்னமென்ட்டில் எதிரே உட்கார்ந்திருப்பவர் நிதானமாகப் பார்ப்பார் என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். மேட்டின் வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை இரண்டு நிலையிலும் குதிரையை எடுத்து வெட்டும். சி6 குதிரையைக் கவனித்த பிள்ளைதான் டேக்டிக் தெரிந்த பிள்ளை.

லாபம் காயாகத்தான் வரணுமா?

மூன்றாவது கேள்வியில் லாபத்துக்கு ஒரு பட்டியல் சொன்னேன். அதில் காய் கணக்கைத் தவிர மற்றதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இதற்கு நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும் ஒரு ஆட்டத்தையே எடுத்துக்கலாம்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் 14வது, கடைசி ஆட்டம். சென்னையைச் சேர்ந்த குகேஷ் கறுப்பு, டிங் லிரென் வெள்ளை. குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஆனால் இருவருக்கும் யானையும் பிஷப்பும் இருந்ததால் டிராதான் ஆகும் என்று பார்க்கிறவர்கள் நினைத்தார்கள். 55வது நகர்வில் டிங் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்து, யானைகளை மாற்றிக்கொள்ளலாம் என்றார். குகேஷ் யானையை வெட்டினார், ராஜா திருப்பி வெட்டியது. அடுத்து குகேஷ் பிஷப்பை டி5ல் வைத்தார்.

இதில் ஃபோர்க் இல்லை, பின் இல்லை, தியாகம் இல்லை. சாதாரணமாக ஒரு பிஷப் இன்னொரு பிஷப்புக்கு எதிரே நிற்கிறது. ஆனால் வெள்ளை பிஷப் நின்றது ஏ8, போர்டின் மூலை. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு குறுக்குப் பாதைதான், அந்தப் பாதையை டி5 பிஷப் அடைத்துவிட்டது. நின்றாலும் வெட்டு, நகர்ந்தாலும் வெட்டு. பிஷப்புகள் மாறியே ஆக வேண்டும். மாறிவிட்டால் மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும்தான். அந்த எண்ட்கேம் கறுப்புக்கு வெற்றி. மூன்று கேள்வியையும் போட்டுப் பாருங்க. எதிராளிக்கு வழி சுருங்கியது, எந்தப் பதிலுக்கும் முடிவு ஒன்றே, அந்த முடிவையும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். பட்டியலில் இருக்கும் எந்தப் பேரும் ஒட்டாத, முழுமையான டேக்டிக் இது. 18 வயதில் உலக சாம்பியன் ஆனதும் இதில்தான்.

முதலில் சொன்ன அந்த ‘ராஜாவை நகர்த்தி டிரா’ பஸிலும் இதே கதைதான். ரிச்சர்ட் ரெட்டி 1921ல் அமைத்த ஒரு ஸ்டடி உண்டு. வெள்ளை ராஜா ஹெச்8, வெள்ளை சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, கறுப்பு சிப்பாய் ஹெச்5. கறுப்பு சிப்பாயை ஓடிப் பிடிக்க வெள்ளை ராஜாவுக்கு இரண்டு கட்டம் தூரம் அதிகம், தன் சிப்பாயைக் காப்பாற்றவும் தூரம். ஆனால் ராஜா குறுக்கே ஜி7, எஃப்6 என்று நடந்தால், ஒவ்வொரு அடியும் இரண்டு வேலை செய்கிறது: அந்தச் சிப்பாயையும் நெருங்குகிறது, இந்தச் சிப்பாயையும் நெருங்குகிறது. கறுப்பால் இரண்டையும் தடுக்க முடியாது, டிரா. ஒரு நகர்வு, இரண்டு மிரட்டல். ஃபோர்க்கில் பார்த்த அதே இயந்திரம்தான், இங்கே ராஜாவின் நடையில் ஒளிந்திருக்கிறது.

சும்மா நிற்கும் காயை வெட்டுவது?

இது கொஞ்சம் வாக்குவாதம் வர்ற இடம். சப்போர்ட் இல்லாத குதிரையை வெட்டுவதை, கறாராகப் பார்த்தால், நான் டேக்டிக் என்று சொல்ல மாட்டேன். அங்கே எதிராளியின் வழியை நாம் சுருக்கவில்லை. அவர் கொடுத்தார், நாம் எடுத்துக்கொண்டோம்.

ஆனா அதுக்காக அந்தப் பஸில் வீண் இல்லை. ஜான் நன் என்ற ஆங்கிலேய கிராண்ட்மாஸ்டர், சப்போர்ட் இல்லாத காய்கள் கடைசியில் கையை விட்டுப் போகும் என்று ஒரு விதி மாதிரியே சொல்லிவைத்தார். ஃபோர்க் ஏன் பலிக்கிறது? தாக்கப்படும் காய்க்கு சப்போர்ட் இல்லாததால். லெகால் நிலையில் கூட, முதல் வடிவத்தில் ஜி4 பிஷப்புக்கு சப்போர்ட் இல்லை, இரண்டாவதில் ஈ5க்கு வந்த குதிரை சப்போர்ட் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக சப்போர்ட் இல்லாத காய் என்பது டேக்டிக் செய்யும் மாவு. அதைப் பார்க்கும் கண்ணைத்தான் அந்த எளிய பஸில் பழக்குகிறது. அதோடு, அந்தக் காய் நிஜமாகவே சும்மா நிற்கிறதா, வெட்டினால் பின்னால் ஏதாவது வருமா என்று சரிபார்க்கும் பழக்கமும் வருகிறது.

எல்லாத் தியாகமும் டேக்டிக் இல்லை

ஆஸ்திரிய மாஸ்டர் ருடால்ஃப் ஸ்பீல்மன் 1935ல் தியாகத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் தியாகத்தை இரண்டாகப் பிரித்தார். கொடுத்ததை வட்டியோடு திரும்ப வாங்குவோம் என்று கணக்குப் போட்டுத் தெரிந்தால், அது பெயருக்குத்தான் தியாகம். கணக்கு முடியாமல், தாக்குதல் பலமாக இருக்கும் என்ற தீர்ப்பில் கொடுத்தால், அதுதான் உண்மையான தியாகம். நம்முடைய மூன்றாவது கேள்வியும் இதே கோட்டைத்தான் போடுகிறது.

இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி, 1999ல் வைக் ஆன் ஸேயில் காஸ்பரோவ் டோபலோவை ஜெயித்த ஆட்டம். உலகத்திலேயே அழகான காம்பினேஷன்களில் ஒன்று என்று கொண்டாடப்படுவது. காஸ்பரோவ் 24வது நகர்வில் டி4ல் யானையைக் கொடுத்தார். டோபலோவ் அதை வெட்டியதும் அவருடைய ராஜாவைப் போர்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை துரத்தினார். ஆனால் டோபலோவ் யானையை வெட்டாமல், ராஜாவை பி6க்கு நகர்த்தியிருந்தால், கறுப்புக்குக் கவலைப்படும்படி ஒன்றுமில்லை என்பது பிறகு வந்த அலசல்களில் தெரிந்தது. அதாவது, டி4 நிலையை அப்படியே ஒரு பஸில் மென்பொருளிடம் கொடுத்தால், ‘ஜெயிக்கும் நகர்வு இல்லை’ என்று தள்ளிவிடும். டோபலோவ் வெட்டிய பிறகு வரும் நிலைதான் பஸில் ஆகும். காஸ்பரோவின் மேதைமை இதனால் குறையாது. பஸில் என்ற சல்லடையில் எது நிற்கும், எது விழும் என்பதுதான் இங்கே தெரிகிறது.

சல்லடை எப்படி வேலை செய்கிறது

ஆப்பில் வரும் பஸில்களை இன்று பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதுவதில்லை. லிசெஸ் தளத்தை எடுத்துக்கொண்டால், அங்கே பிளேயர்கள் ஆடிய ஆட்டங்களை ஸ்டாக்ஃபிஷ் என்ஜின் அலசுகிறது. ஒருவர் தப்பு செய்து, அதைத் தண்டிக்க ஒரே ஒரு நல்ல நகர்வு இருக்கும் இடங்கள் பஸில் ஆகின்றன. அதனால்தான் அங்கே பஸில் திறந்ததும் முதலில் எதிராளியின் நகர்வு ஒன்று ஓடுகிறது. லாபம் எவ்வளவு என்பதை வைத்தும் பிரிக்கிறார்கள். நூறு சென்டிபான் என்பது ஏறக்குறைய ஒரு சிப்பாய். 200லிருந்து 600 வரை என்றால் ‘அனுகூலம்’, அதற்கு மேல் ‘நொறுக்கும் வெற்றி’, தோற்கும் ஆட்டத்தைச் சமப்படுத்தினால் அதற்குத் தனிப் பிரிவு.

இதுல கவனிங்க: ‘ஒரே ஒரு நகர்வுதான் சரி’ என்பது பஸிலுக்குத் தேவைப்படும் விதி. விடையைத் திருத்த மென்பொருளுக்கு அது வேண்டும். டேக்டிக்குக்கு அது தேவையில்லை. உங்கள் ஆட்டத்தில் இரண்டு விதமாக ஃபோர்க் செய்ய முடியும் என்றால் இரண்டுமே டேக்டிக்தான். ஆனால் அந்த நிலை பஸிலாக வராது. அதேபோல, ஒன்றுமே இல்லாத நிலையும் பஸிலாக வராது. நிஜ ஆட்டத்தில் பெரும்பாலான நேரம் நாம் உட்கார்ந்திருப்பது அந்த ஒன்றுமில்லாத நிலையில்தான்.

ஆகவே பஸில் திறக்கும்போதே ஒரு மணி அடிச்சாச்சு: ‘இங்கே ஏதோ இருக்கு’. ஆட்டத்தில் அந்த மணி கிடையாது. டிங் யானையை எஃப்2ல் வைத்தபோது, அது தப்பு என்பது முதலில் தன் கண்ணில் படவில்லை என்று குகேஷே ஆட்டம் முடிந்ததும் சொன்னார். உலக சாம்பியன்ஷிப் மேடையிலேயே அந்த நிலைமை. பஸில் ரேட்டிங் 2000, டோர்னமென்ட் ரேட்டிங் 1300 என்று இருக்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் இதை நினைச்சுப் பார்க்கணும். அந்தப் பிள்ளைக்கு விடை கண்டுபிடிக்கத் தெரியும். எப்போது தேடணும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பயிற்சியை எப்படி மாற்றலாம்

முதலாவது, பஸிலில் பச்சை டிக் வந்ததும் அடுத்ததுக்கு ஓட வேண்டாம். ‘எதிராளியின் சிறந்த பதில் என்ன? அதற்கு என் பதில் என்ன?’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கணும். ஆப் காட்டும் பதில் அந்த ஒன்றுதான், மற்றதை நாம்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ‘எந்தக் காயை ஒரு கட்டம் தள்ளி வைத்தால் இந்த டேக்டிக் கெட்டுப்போகும்?’ என்று கேட்கணும். லெகால் நிலையில் சி6 குதிரை செய்த வேலை ஞாபகம் இருக்கும். இந்த ஒரு கேள்வி, நூறு பஸிலை வேகமாகப் போடுவதைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

மூன்றாவது, மணி அடிக்காத பஸில். வீட்டில் அப்பாவோ அம்மாவோ, செஸ் தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம். ஐந்து பஸில் நிலைகளையும், ஏதாவது ஆட்டத்திலிருந்து சாதாரணமான ஐந்து நிலைகளையும் கலந்து வையுங்க. கேள்வி, ‘சரியான நகர்வு எது?’ இல்லை. ‘இதில் ஏதாவது இருக்கா, இல்லையா?’ இல்லை என்று தைரியமாகச் சொல்வதும் சரியான விடைதான் என்று பிள்ளைக்குப் பழகணும்.

நான்காவது, எதிராளியின் டேக்டிக். போர்டைத் திருப்பி வைத்து, ‘இப்போ அவருடைய முறை என்றால் என்ன ஆடுவார்?’ என்று கேட்கணும். தோற்கும் ஆட்டங்களில் பெரும்பாலும் நாம் நம்முடைய டேக்டிக்கைத் தவறவிட்டு மட்டும் தோற்பதில்லை, அவருடையதைப் பார்க்காமலும் தோற்கிறோம்.

சரி, இந்த வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம். லெகால் நிலையை மறுபடி வையுங்க. வெள்ளை சி3ல் குதிரை வைத்ததும், கறுப்பு ஜி6ம் ஆடவில்லை, குதிரை சி6ம் ஆடவில்லை. இன்னொரு குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்திருக்கிறார். இப்போ வெள்ளை ஈ5ல் வெட்டலாமா, கூடாதா? கூடாது என்றால் அதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கு. ஒரு காரணம் ஜி4 கட்டத்தில், இன்னொன்று டி5 கட்டத்தில். என்ஜினைப் போடாமல், போர்டில் காயை வைத்துக் கண்டுபிடிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.